மனுவைத் தபாலில் அனுப்பினால் வழக்குத் தொடங்கிவிடுமா?

கேள்வி: திருகோணமலை நகரத்துக் கடை ஒன்றில் 145,000 ரூபாய் கொடுத்துக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். ஏழாம் வாரமே பழுதாகிவிட்டது. கடையிலிருந்து வந்த திருத்துநர், மின்னழுத்தம் கூடிக் குறைந்ததால் வந்த பழுது, உத்தரவாதம் செல்லாது என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1,500 ரூபாய் கொடுத்து ஒருவரிடம் மனு எழுதுவித்து, ‘கனம் நீதிபதி அவர்களுக்கு’ என்று பதிவுத் தபாலில் அனுப்பினோம். பிரதிகளைப் பொலிசுக்கும் அரசாங்க அதிபருக்கும் அனுப்பியுள்ளோம். ஒரு மாதமாகிறது, பதிலில்லை. வழக்குத் தொடங்கிவிட்டதா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: தொடங்கவில்லை. ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. ஏழு வாரமும் ஒரு மாதமும் சேர்ந்தால் நீங்கள் பெட்டி வாங்கிப் பதினொரு வாரம் கடந்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய உங்களுக்கு இருப்பது மூன்று மாதங்கள். அது பொருள் பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். பொலிசுக்கும் அரசாங்க அதிபருக்கும் போன பிரதிகள் இந்தக் கணக்கில் சேரா. எனவே இதை வாசித்து முடித்ததும் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பிரதி எடுத்துக்கொண்டு, அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அழைத்துச் சொன்னதோடு நின்றுவிடாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.

கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றது பற்றி விசாரிக்க அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கடைக்காரருக்கு அதிகார சபை கட்டளையிடலாம். விசாரணையில் முதலில் எழப்போவது மின்னழுத்தக் கதைதான். திருத்துநர் என்னத்தைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் துணிந்து சொல்பவர்கள் பலர், அதே சொல்லைத் தாளில் எழுதிக் கையொப்பமிடத் தயங்குவார்கள். தயங்கினால் அந்தத் தயக்கமும் உங்களுக்குச் சாதகம்தான். பழுதான பெட்டியை வெளியாரிடம் கொடுத்துத் திறக்க விடாதீர்கள்.

இனி நீதிமன்றம். ‘கனம் நீதிபதி அவர்களுக்கு’ என்று தொடங்கும் உருக்கமான கடிதம் எத்தனை பக்கமானாலும் அது வழக்காகாது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சுருக்க நடவடிக்கைமுறை என்று சட்டம் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, எல்லா வழக்குகளும் வழமையான முறையிலேயே தொடங்க வேண்டும் என்கிறது. வழமையான முறையில் தாக்கல் செய்யப்படுவது வழக்குரை. எந்த நீதிமன்றம், வழக்காளி யார், எதிராளி யார், இருவரின் முகவரி, எங்கே எப்போது என்ன நடந்தது, கேட்பது என்ன, அதன் பெறுமதி என்ன என்று இலக்கமிட்ட பந்திகளில் அதில் எழுதியிருக்க வேண்டும். அதை நீதிமன்றப் பதிவகம் ஏற்று வழக்கிலக்கம் இட்டு, நீதிபதி எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னால்தான் சக்கரம் உருளத் தொடங்கும். மனுவும் சத்தியக்கடதாசியும் (எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து கையொப்பமிடும் தாள்) கொண்டு தொடங்குவது சுருக்க நடவடிக்கைமுறை. இறந்தவரின் சொத்தை நிருவகிக்க அதிகாரம் கேட்பது போன்றவை அந்த வழியில் போகின்றன. பழுதான குளிர்சாதனப் பெட்டி அதில் போகாது. இந்த வேறுபாடு தெரியாதவர் எழுதிக் கொடுத்த தாளுக்கு 1,500 ரூபாய் அதிகம் என்பது என் எண்ணம்.

கடை திருகோணமலையில், விற்பனையும் இங்கேதான் நடந்தது. எனவே வழக்கென்று வந்தால் இங்குள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு, கொழும்புக்கு அலைய வேண்டாம். ஆனால் சட்டம் குறித்த வரம்புக்கு உட்பட்ட சிறு தொகைப் பிணக்குகளை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அவற்றை ஏற்காது. மத்தியஸ்த சபையில் செலவில்லை, சட்டத்தரணியும் வேண்டாம். பல கடைக்காரர்கள் அந்த மேசையில் உட்கார்ந்ததும் இறங்கி வருவதுண்டு. அதிகார சபையின் மூன்று மாதம் தவறிவிட்டாலும் இந்த வழி மூடுவதில்லை: எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய்மூல ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு என்று காலாவதிச் சட்டம் வழக்கிட இடம் தருகிறது.

கேள்வி: நண்பர் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தபோது பிணை நின்றேன். அவர் தவணை கட்டவில்லை. இப்போது நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்திருக்கிறது. வழக்குத் திகதியில் போய் நீதிபதியிடம் நேரில் நிலைமையைச் சொன்னால் போதும் என்கிறார்கள். போதுமா?
(வாசகர், மூதூர்)

பதில்: போதாமல் போகலாம். உறைக்குள் இருப்பது எந்தச் சட்டத்தின் கீழ் வந்த தாள் என்று முதலில் பாருங்கள். சாதாரண அழைப்பாணை என்றால், குறித்த நாளில் தோன்றி மறுமொழியைத் தாக்கல் செய்ய வேண்டும். போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பளிப்பார்கள். அந்தத் தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்த பிறகு, வராமைக்கான நியாயமான காரணத்தைக் காட்டி நீக்கக் கேட்க 14 நாட்களே உண்டு.

1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் என்று தாளில் இருந்தால் நிலைமை வேறு. அந்தச் சட்டத்தில் கடன் கொடுத்த நிறுவனம் வழக்குரையோடு சத்தியக்கடதாசியும் ஆவணங்களும் வைத்தவுடனே, மேலோட்டமாகப் பார்த்து உங்களுக்கு எதிராக ஒரு கட்டளை பிறந்துவிடும். நீங்கள் காரணம் காட்டித் தடுக்காவிட்டால் அது உறுதியாகிவிடும். காரணம் காட்டுவதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு நீங்களும் சத்தியக்கடதாசி தாக்கல் செய்து, விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும். அல்லது கேட்ட தொகையைக் கட்டவோ, அதற்குப் பிணை வைக்கவோ நேரும். அங்கே போய் ‘ஐயா, நான் ஏழை, நண்பன் ஏமாற்றிவிட்டான்’ என்று சொல்வது எவ்வளவு உண்மையானாலும் எதிர்வாதமாகாது. நீங்கள் கையொப்பமிட்ட பிணைப்பத்திரம், நண்பர் கட்டிய தவணைகளின் பற்றுச்சீட்டு, நிறுவனம் வண்டியைத் திருப்பி எடுத்து விற்றிருந்தால் அந்தத் தொகையைக் கழித்தார்களா என்ற விபரம், இவைதான் பேசும். வழக்குத் திகதி வரை காத்திராமல் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கேள்வி: கடை என்னை ஏமாற்றியது அடிப்படை உரிமை மீறல் இல்லையா? நேராக உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய முடியாதா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: முடியாது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான மனு, அரசின் நிறைவேற்றுத்துறை அல்லது நிருவாகத்துறை நடவடிக்கைக்கு எதிரானது. தனியார் கடைக்காரரை அதில் இழுக்க இயலாது. அரச அதிகாரி ஒருவர் உங்கள் முறைப்பாட்டை உங்கள் இனத்தையோ மொழியையோ பார்த்து ஒதுக்கினார் என்றால் அது வேறு கதை. அதற்கு ஒரு மாதமே அவகாசம்.

கேள்வி: வழக்குரையைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் வேண்டுமா?
(வாசகி, நிலாவெளி)

பதில்: தமிழிலேயே எழுதலாம். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி என்பதால், திருகோணமலை நீதிமன்றங்களின் பதிவுகளும் நடவடிக்கைகளும் தமிழில் நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட தாளை நீட்டி, எங்கே கையொப்பமிட வேண்டும் என்று மட்டும் யாராவது காட்டினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பாகச் சத்தியக்கடதாசி என்றால், அதில் உள்ளது உண்மை என்று சத்தியம் செய்பவர் நீங்கள்தான்.