செக் என்ஜின் லைட் எரிந்தால் சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு வயது 18. ஒரு மாதமாக செக் என்ஜின் லைட் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, "பி0171 கோடு வருகிறது, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்கிறார்கள். ஒருமுறை கோடை அழித்தும் பார்த்தார்கள், பத்தே நாளில் லைட் திரும்ப வந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் லேசாக நடுங்குகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று பி0171 சொல்லவில்லை. என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதாவது கலவை 'லீன்' ஆக இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே, எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் அந்தச் சென்சார்தான். சென்சாரிலோ அதன் வயரிங்கிலோ கோளாறு என்றால் அதற்கென்று பி0130 முதல் பி0135 வரை தனிக் கோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் வராமல் பி0171 மட்டும் வந்தால், காற்று எங்கிருந்து கூடுதலாக நுழைகிறது, அல்லது பெட்ரோல் எங்கே குறைகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். சென்சாரும் சில சமயம் தவறாகக் காட்டும்தான். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய சந்தேகம்.

லைட் எப்படி எரிகிறது என்பதையும் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு காரணம் தேடலாம். விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. என்ஜின் கடுமையாக மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். கன்வெர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். அப்படி மின்னினால் ஆக்ஸிலரேட்டரை உடனே தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

உங்கள் கேள்வியிலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. நிற்கும்போது நடுக்கம், ஓடும்போது இல்லை. ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை மிக அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஒரு சின்ன விரிசல் வழியாக அளவெடுக்கப்படாத காற்று நுழைந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகமாகப் போகும்போது என்ஜின் இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அதே கசிவு ஒன்றுமில்லாததாகிவிடும். எனவே முதல் சந்தேகம் இந்தக் காற்றுக் கசிவு, அதாவது வேக்குவம் லீக் மீது. இது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில், வேக்குவம் லீக் பெரும்பாலும் கலவையை லீன் ஆக்காது, ஐடில் ஆர்பிஎம்மைத்தான் ஏற்றிவிடும்.

சந்தேகத்தை எண்ணால் உறுதி செய்யலாம். லைவ் டேட்டா காட்டும் சாதாரண ஸ்கேனர் போதும். 16 பின் கனெக்டர் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே டாஷ்போர்டின் அடியில் இருக்கும். கோடை அழிப்பதற்கு முன் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தைத் திறந்து, லைட் விழுந்த நேரத்து ஆர்பிஎம், கூலன்ட் சூடு, வேகம், என்ஜின் மேலுள்ள லோடு (சுமை) எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கோடை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் அழித்துக் கொடுத்தது உதவி அல்ல, சாட்சியை இழந்ததுதான். இப்போது லைட் திரும்ப வந்திருப்பதால் புதிய பதிவு இருக்கும், அதையாவது காப்பாற்றுங்கள்.

அடுத்து ஃப்யூயல் டிரிம், அதாவது பெட்ரோல் அளவில் செய்யப்படும் திருத்தம். எஸ்டிஎஃப்டி, எல்டிஎஃப்டி என்று இரண்டு சதவீதங்கள் தெரியும். முதலாவது ஈசியு (என்ஜினின் கம்ப்யூட்டர்) அந்த நொடியில் செய்யும் திருத்தம், இரண்டாவது நாள்பட்டுப் பழகிய திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. நல்ல என்ஜினில் கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் இருக்கும், பழைய வண்டியில் 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒருமுறையும், 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் நிறுத்தி இன்னொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐடிலில் +20, 2500-ல் +3 என்று வந்தால் வேக்குவம் லீக் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐடிலில் +4, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற +20 என்றால் பெட்ரோல் போதவில்லை: ஃப்யூயல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி உயர்ந்திருந்தால் ஃப்யூயல் பிரஷரை கேஜ் வைத்து அளக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இனி லீக்கைத் தேடும் வேலை. என்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடி வரை போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். அதன் மடிப்புகளை இரு கையாலும் விரித்து, அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். என்ஜின் ஆடும்போதெல்லாம் மடங்கி மடங்கி அடிப்பக்க மடிப்பின் பள்ளத்தில்தான் ரப்பர் வெடிக்கும். விரித்தால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும் விரிசல் அது. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு அகப்படவே அகப்படாது. பிறகு, என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வின் ஹோஸ். எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு முழங்கை வளைவில் சப்பிப்போய், தொட்டாலே பிசுபிசுக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், ஏதாவது ஒரு முனையில் கழன்று தொங்கும் மெல்லிய வேக்குவம் டியூப் என்று வரிசையாகப் பாருங்கள். சில என்ஜின்களில் டிப்ஸ்டிக் சீல், ஆயில் மூடி சீல் கெட்டாலும் இதே கோடு வரும்.

கையில் சிக்காவிட்டால் என்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து மூட்டுகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். லீக் உள்ள இடத்தைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும்போது என்ஜின் சத்தம் மாறும், எஸ்டிஎஃப்டியும் சட்டென்று இறங்கும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் தண்ணீர் படக் கூடாது. கார்ப் கிளீனர் தெளித்துத் தேடுகிறவர்கள் உண்டு. சூடான என்ஜின் மேல் அது தீப்பற்றும், அந்த வழி வேண்டாம். தண்ணீருக்கும் பிடிபடாத கசிவை, குழாய்களுக்குள் புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் மெஷின் உள்ள இடத்தில் சில நிமிடங்களில் காட்டிவிடுவார்கள்.

வேக்குவம் பக்கம் சுத்தமாக இருந்தால் எக்ஸாஸ்டைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டுக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் நடுவே ஓட்டை இருந்தால், புகை வெளியே போவதோடு நில்லாமல், துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "லீன்" என்று சொல்லும். சென்சாரும் சரி, கலவையும் சரி, ஆனால் கோடு விழும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் அடங்குவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மூட்டில் கரிக்கோடு ஆகியவை இதன் அடையாளம். ஏர்ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்வதானால் அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் துணியாலோ பட்ஸாலோ தொடவே கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

பழைய வண்டியில் எர்த் கனெக்‌ஷனையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கோடுகள் சேர்ந்து வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி மைனஸ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சென்சாரைச் சந்தேகிக்கலாம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் நேரோபேண்ட் வகை, சூடான என்ஜினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-க்கு மேல் தாவ வேண்டும், விட்டால் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இரண்டு எல்லையையும் தயங்காமல் தொடும் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. மேலே ஏறாமல் கீழேயே கிடந்தாலோ, நடுவில் சோம்பலாக அசைந்தாலோ மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போது மரை எளிதாக விடும், பெரும்பாலும் 22 எம்எம் ஸ்பேனர். புதிய சென்சாரின் முனையில் கிரீஸ் எதுவும் படக் கூடாது. சென்சாருக்கு ஆகாத சிலிக்கோன் சீலன்டை இன்டேக் மூட்டுகளில் பூசாதீர்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகு கோடை அழியுங்கள். சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிவிட்டு, ஐடிலில் டிரிமைத் திரும்பப் பாருங்கள். +20 இருந்த இடத்தில் 5-க்குள் வந்திருந்தால் வேலை முடிந்தது. +12-லேயே நின்றால் இன்னொரு லீக் மிச்சம் இருக்கிறது, லைட் எரியாவிட்டாலும் தேடுங்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் புகைப் பரிசோதனை நெருங்கியிருந்தால் முந்தின நாள் கோடை அழிக்காதீர்கள். அழித்தவுடன் வண்டி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் ரெடினஸ் மானிட்டர்கள் எல்லாம் 'முடியவில்லை' நிலைக்குப் போய்விடும், அவை நிரம்பச் சில நாள் ஓட்டம் வேண்டும்.