பூல் லீக்கில் சேரலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்துவருகிறேன். கோவைப் பக்கம் பிறந்தவன். இப்போது ஒஹாயோவில், கொலம்பஸ் நகரில் வேலை. கல்லூரி நாட்களில் ஸ்னூக்கர் பார்லரே கதி என்று கிடந்திருக்கிறேன். இங்கே வந்தபின் கியூவை, அந்தப் பந்தடிக்கும் கோலை, தொட்டதே அபூர்வம். அலுவலக நண்பர் ஒருவர் தன் பூல் (ஸ்னூக்கர் போலவே மேசையில் பந்தடிக்கும் ஆட்டம்) அணியில் ஆள் குறைகிறது, ஏபிஏ (அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர் சங்கம்) லீக்கில் சேர்ந்துவிடு என்று கூப்பிடுகிறார். வாரம் ஒரு இரவு, செவ்வாய்க்கிழமை, ஒரு பாரில் ஆட்டம்.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் குடிப்பதில்லை. மகளுக்கு நான்கு வயது, மனைவியும் வேலைக்குப் போகிறாள். "போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்கிறாள், ஆனால் முழுமனதோடு சொன்ன மாதிரி இல்லை. லீக்கில் ஆளுக்கொரு எண் கொடுத்துத் தரம் பிரிக்கிறார்கள், அதில் தில்லுமுல்லு உண்டு என்றும் கேள்விப்பட்டேன். நீங்கள் லீக்கில் ஆடியவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். சேரலாமா? இதில் என்ன கிடைக்கும், என்ன போகும்?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

சேருங்கள். ஆனால் ஆட்டம் சீக்கிரம் தேறும் என்று நினைத்துச் சேர வேண்டாம். அந்தக் கணக்கில் லீக் நஷ்டம்தான்.

ஓர் இரவு எப்படிப் போகும் என்று பாருங்கள். எட்டுப் பந்து ஆட்டத்தில் (தன் ஏழு பந்துகளையும் போட்டபின் எட்டாம் பந்தைப் போடுபவர் வெல்வார்) அணிக்கு ஐந்து பேர், ஒருவருக்கு ஒருவராக ஐந்து மோதல்கள். பெரும்பாலும் ஒரே மேசையில், ஒரு ஜோடி முடித்தபின் அடுத்த ஜோடி. ஒரு மோதல் சுமார் முக்கால் மணி நேரம் இழுக்கும். ஏழரைக்குத் தொடங்கினால் முடிய பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும். அதில் உங்கள் பங்கு முக்கால் மணி நேரம், அதிலும் பாதி எதிராளியின் கையில். அணியில் எட்டுப் பேர் வரை பெயர் கொடுக்கலாம் என்பதால், ஆடாமலே வீடு திரும்பும் வாரமும் வரும். அந்த நான்கு மணி நேரத்தை ஒரு பூல் ஹாலில் தனியாகச் செலவிட்டால் கை நன்றாகவே தேறும்.

பிறகு எதற்கு லீக் என்றால், தனியாக ஆடும்போது வராத ஒன்று அங்கே வரும்: பயம். அணிகள் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கின்றன. கடைசி மோதல் உங்களுடையது. மேசையில் மிச்சம் இருப்பது எட்டாம் பந்து மட்டும், நடுப் பாக்கெட்டுக்கு நேராக. தனியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவீர்கள். அங்கே கியூவைப் பிடித்த கை தானாக இறுகும், அடிக்கும் கணத்தில் தலை நிமிரும், பந்து விளிம்பில் முட்டி நிற்கும். அந்த இறுக்கத்தை அடையாளம் கண்டு, மூச்சை விட்டு, மறுபடி நின்று அடிக்கப் பழகுவது நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் முடியும். இதைவிடப் பெரிய பாடம் இந்த ஆட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு நல்ல விஷயம் டைம் அவுட். ஆட்டத்தின் நடுவே அணியிலிருந்து ஒருவர் மேசைக்கு வந்து ஆலோசனை சொல்லலாம். மூன்று அல்லது அதற்குக் கீழே தர எண் உள்ளவர்களுக்கு ஒரு ரேக்கில் (மோதலுக்குள் வரும் ஒரு தனி ஆட்டம்) இரண்டு முறை, மற்றவர்களுக்கு ஒரு முறை. நல்ல கேப்டன் கிடைத்தால் அந்த ஒரு நிமிடம் பொன்னானது. "இதைப் போட்டுட்டா அடுத்து எங்க நிப்ப?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கத் தொடங்குகிற ஆட்கள் எத்தனையோ பேர்.

இப்போது அந்த எண் விவகாரத்துக்கு வருகிறேன். லீக்கின் உயிரும் அதுதான், நோயும் அதுதான். ஏபிஏவைத் தொடங்கியவர்கள் டெர்ரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள். 1979இல் வேறு பெயரில் தொடங்கி, 1981இல் இன்றைய பெயருக்கு மாறியது. பூலில் தேர்ந்தவனும் புதியவனும் நேராக மோதினால் புதியவனுக்கு வாய்ப்பே இல்லை. இரண்டு வாரம் அடி வாங்கிவிட்டு மூன்றாம் வாரம் வர மாட்டான். அதனால் எட்டுப் பந்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு எண், நன்றாக ஆடுபவருக்குப் பெரிய எண். எண்ணுக்குத் தக்கபடி எத்தனை ரேக் ஜெயிக்க வேண்டும் என்பது மாறும். ஏழும் ஏழும் மோதினால் ஆளுக்கு ஐந்து. ஏழும் மூன்றும் மோதினால் ஏழுக்கு ஆறு ரேக் வேண்டும், மூன்றுக்கு இரண்டு போதும்.

கேட்கும்போது இது சலுகை மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் அப்படி இல்லை. நான் ஆடிய அணியில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி இருந்தார். எண் மூன்று. ஒருநாள் ஊரே அஞ்சுகிற ஒரு ஏழாம் எண்காரரோடு மோதினார். அவர் ஐந்து ரேக் எடுத்துவிட்டார், இந்த அம்மா ஒன்று. பந்து போட வழியில்லாத ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்தை எதிராளிக்கு உதவாத இடத்தில் ஒளித்து வைத்தார். எதிராளி ஒரு தவறு செய்தார், வெள்ளைப் பந்து இவர் கைக்கு வந்தது, எட்டைப் போட்டார். முழு பாரும் எழுந்து கைதட்டியது. எழுபதை நெருங்கும் ஒருவர் ஊரின் ஆகச் சிறந்த ஆட்டக்காரரை நியாயமாக வெல்ல வேறு எந்த விளையாட்டில் இடம் இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த முறையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் எண் குறைவாக இருப்பது லாபம் என்று ஆனவுடன், அதைக் குறைவாகவே வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்களும் வந்துவிடுவார்கள். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு ரேக்குக்கும் எத்தனை இன்னிங்ஸ் (இருவரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) ஆனது, பந்து போடாமல் எதிராளியைத் தடுக்க எத்தனை டிஃபென்ஸ் ஷாட் அடித்தீர்கள் என்று குறிப்பார்கள். அதிலிருந்துதான் எண் வரும். முழுச் சூத்திரத்தைச் சங்கம் வெளியே சொல்வதில்லை. ஜெயிக்கப்போகிற ரேக்கில் வேண்டுமென்றே இரண்டு பந்தைத் தவறவிட்டால் இன்னிங்ஸ் கூடும், ஆள் சுமாரானவன் போலத் தெரிவான். இதற்கு சாண்ட்பேகிங் என்று பெயர். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை, நடக்கிறது. லாஸ் வேகாஸில் வருடந்தோறும் நடக்கும் இறுதிப் போட்டிகளில் கண்காணிப்பு கடுமை. எண்ணுக்கு மீறி ஆடுகிறவரால் முழு அணியும் தகுதி இழக்கலாம். உள்ளூர் செவ்வாய் இரவில் அவ்வளவு கண்கள் இருக்காது. உங்களிடம் யாராவது "இந்த ரேக்கைக் கொஞ்சம் மெதுவா ஆடு" என்று சொன்னால் அந்த அணியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தெரிந்தே பந்தைத் தவறவிடுகிறவன் எதிராளியை மட்டும் ஏமாற்றவில்லை, தன் கையையும் கெடுத்துக்கொள்கிறான்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஓர் இரவில் ஆடும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி. ஏழு, ஆறு, நான்கு, மூன்று, மூன்று என்றால் சரி. ஐந்து பேரும் ஐந்தாம் எண்ணுக்கு வந்துவிட்டால் 25, ஆட முடியாது. அதாவது ஒன்றாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, எல்லோரும் முன்னேறினால் அந்த அணி உடைய வேண்டும். நல்லவர்களைக் குவித்து ஒரே அணி எல்லாவற்றையும் அள்ளிப் போகாமல் இருக்கத்தான் இந்த விதி, அதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் ஒரு மேசையைச் சுற்றி நண்பர்களானவர்கள் கூட்டல் கணக்கால் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். அது மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

இந்த ஏற்பாடே ஒத்துவரவில்லை என்றால் வேறு லீக்குகளும் உண்டு. பிசிஏ பூல் லீக் என்ற இன்னொரு அமெரிக்க லீக்கில் ஃபார்கோ ரேட் என்ற மதிப்பெண் முறை. அதில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் கூடுதல் புள்ளிக்காரர் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ரேக்குகளை ஜெயிப்பார் என்று கணக்கு. எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டுக்கு என்று சொல்லி அடிக்க வேண்டும். ஏபிஏவில் எட்டாம் பந்துக்கு மட்டும் பாக்கெட்டைக் குறித்தால் போதும், மற்றவை தற்செயலாக விழுந்தாலும் செல்லும். ஸ்னூக்கர் பழகியவருக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும்.

ஸ்னூக்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் விதிகள் எழுதிவைக்கப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான், அதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் அந்த 12 அடி மேசையின் பழக்கத்தோடு பாரில் இருக்கும் 7 அடி மேசைக்கு வந்தால், முதல் மாதம் குழப்பமாகத்தான் இருக்கும். பந்து பெரிது, பாக்கெட் அகலம், தூரம் குறைவு. போடுவது சுலபம். ஆனால் பதினைந்து பந்தும் நெருக்கியடித்து நிற்பதால் வெள்ளைப் பந்துக்கு வழி கிடைக்காது. உங்களுக்கு நேராகப் போடும் கை ஏற்கெனவே இருக்கும், கூட்டத்தைப் பிரிக்கும் வித்தையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இங்கே தவறு செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஸ்னூக்கரில் நாலு புள்ளி கொடுத்துவிட்டு நகர்வது போல இங்கே நகர முடியாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுச் சந்தா ஒன்று, வாரக் கட்டணம் ஒன்று. ஊருக்கு ஊர் மாறும். வாரக் கட்டணம் பொதுவாக அணிக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆள் வராவிட்டாலும் அணி கட்டியாக வேண்டும் என்பதால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். உண்மையான செலவு சாப்பாட்டிலும் பானத்திலும்தான் போகும். நீங்கள் குடிக்காதது ஒரு தடையே இல்லை. சோடாவோடு முழு இரவும் உட்காருகிறவர்கள் ஒவ்வொரு அணியிலும் இருப்பார்கள், கடைசி மோதலில் அவர்கள் கைதான் நிதானமாக இருக்கும். ஆனால் குடித்தவர்களோடு பதினோரு மணி வரை இருப்பது உங்களுக்குச் சகிக்குமா என்பதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செவ்வாய் சும்மா பார்க்கப் போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மனைவி சொன்னதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நான்கு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் ஒரு மாலை என்பது சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் சேர்ந்தது. வாராவாரம் அதை ஒருவர் தலையில் விட்டுப் போகிறீர்கள். லீக்கில் வருடத்துக்கு மூன்று செஷன்கள், அதாவது பருவங்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது உடனே தொடங்கும், இடைவெளி கிடைக்காது. அதனால் "ஒரு செஷன் மட்டும், அப்புறம் பேசுவோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். வாரத்தில் இன்னொரு மாலை முழுக்க அவருக்கென்று இருக்கட்டும், அன்று மகள் உங்கள் பொறுப்பு. இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால் ஐந்தாம் வாரம் வீட்டில் மனக்கசப்பு வரும், மேசையிலும் கவனம் நிற்காது.

இவ்வளவு சொல்லியும் சேருங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் இங்கே வாழும் வாழ்க்கையை நினைத்துத்தான். அலுவலகத்தில் நம்மைப் போன்றவர்கள், சனி ஞாயிறு நம் ஊர்க்காரர்கள். பத்து வருடம் ஓர் ஊரில் இருந்தும் அந்த ஊர் மனிதர் ஒருவரோடு மனம்விட்டுப் பேசாமலே போய்விடுகிறோம். என் அணியில் அந்தப் பேருந்து ஓட்டுநர் அம்மா தவிர, கூரை வேய்கிறவர், மருத்துவமனைச் சமையல்காரர், இராணுவத்திலிருந்து வந்த ஒரு இளைஞன் எல்லாம் இருந்தார்கள். வேறு எந்த வழியிலும் அவர்கள் என் வாழ்க்கைக்குள் வந்திருக்க மாட்டார்கள். நம் முறை வரக் காத்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தை நஷ்டம் என்று மேலே சொன்னேன் அல்லவா, பேச்சு முழுக்க அங்கேதான் நடந்தது. என் தாய் இறந்து நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது முதலில் வீட்டுக்கு உணவோடு வந்தவர்கள் இவர்கள்.

ஆகவே லீக்கைவிட அணிதான் முக்கியம். நண்பரின் கேப்டனிடம் முன்கூட்டியே பேசுங்கள். அணியில் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ஆட்டம் வரும், முதலில் ஆடிவிட்டுச் சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். குழந்தை உள்ளவர்களை முதல் மோதலில் இறக்கிவிடும் கேப்டன்கள் உண்டு. பேச்சு எடுத்ததுமே வேகாஸ் வேகாஸ் என்பவராக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், தோற்கும் இரவுகளில் அவரோடு இருப்பது கடினம். ஒத்துவரவில்லை என்றால், சங்கத்தின் தளத்தில் உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அங்கே லீக் நடத்துபவர் யார் என்று தெரியும். அவரிடம் சொன்னால் ஆள் தேடும் வேறு அணியோடு சேர்த்துவிடுவார். உடனே சொந்தக் கியூ வாங்க வேண்டாம், முதல் செஷனுக்கு பாரில் இருப்பதில் நேரானது ஒன்று போதும்.

அன்புடன்,
அண்ணன்