பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கை நிறுத்த ஏன் இத்தனை ஊசி?

தங்கைக்குச் சுகப்பிரசவம்தான், ஆனால் ரத்தம் நிற்காமல் அடுத்தடுத்து மூன்று நான்கு மருந்து கொடுத்தார்கள், ஒரே ஊசியில் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். லேபர் வார்டில் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நஞ்சு விழுந்ததும் வயிற்றில் தொப்புள் பக்கம் கை வைத்துப் பார்ப்போம். கர்ப்பப்பை சுருங்கியிருந்தால் கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். சுருங்காவிட்டால் தண்ணீர் கூடிப்போன மாவு மாதிரி, எங்கே முடிகிறது என்றே கைக்குப் புரியாது. நஞ்சு ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்களை இறுக்கி மூடுவது அந்தத் தசைதான். அதனால்தான் குழந்தை பிறந்ததுமே, ரத்தம் போனாலும் போகாவிட்டாலும், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தொடையில் போட்டுவிடுவோம். (ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. இன்றைக்கும் கரண்ட் போனால் எனக்கு அந்தப் பிரிட்ஜ் ஞாபகம்தான்.)

அதையும் மீறி ரத்தம் போனால் ட்ரிப்பில் இன்னும் ஆக்சிடோசின், கூடவே டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம். இது தசையைச் சுருக்காது. உறைந்த ரத்தம் மறுபடி கரையாமல் பார்த்துக்கொள்ளும். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் பலன். 21 நாடுகளில் 20,000 பெண்களுக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வு 2017இல் அதைக் காட்டியது.

அடுத்தது கர்ப்பப்பையைச் சுருக்கும் வேறு மருந்துகள், அதெல்லாம் ஆளைப் பார்த்துத்தான். மெத்தர்ஜின் பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஒரு ராத்திரி அந்தக் கார்போப்ரோஸ்ட்டை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் அம்மா கிட்டே வந்து, "சிஸ்டர், பனிக்காலத்துல இவளுக்கு இழுக்கும்" என்று காதோடு சொன்னார். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டில் மறைத்த விஷயமாம். மாமியார் கூடவே வந்ததால் செக்கப்பிலும் வாய் திறக்கவில்லை. டாக்டர் அந்த ஊசியை நிறுத்திவிட்டு, மிசோப்ரோஸ்டால் நாலு மாத்திரையை நாக்கடியில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம், காய்ச்சல். "ஜன்னி கண்டுருச்சே" என்று அம்மா அழுதார். ஜன்னியும் இல்லை, ஒன்றும் இல்லை, மாத்திரையின் குணம் அது. கைக்கடியில் கர்ப்பப்பை மெல்லக் கெட்டிப்பட்டது. உங்கள் தங்கைக்கும் நடுக்கம் வந்திருந்தால் பயப்படாதீர்கள்.

கிழிசலோ, உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டோ காரணமென்றால் ஊசி மட்டும் போதாது. தைக்க வேண்டும், எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக நனைந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். மாதவிடாய்க்கு வாங்கி வைத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பிரசவத்துக்குப் பதிவு செய்யும் அன்றே, "போன தடவை ரத்தம் அதிகம் போச்சு" என்று சொல்லி அதைக் காட்டுங்கள்.