எல்.இ.டி. பல்பில் சூடு ஏது?

கேள்வி: மார்கழிக் குளிரில் மாடியில் 12 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் விட்டேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டும் நாலே நாளில் 5 செத்துவிட்டன. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஏதாவது நோயா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குளிர்தான் காரணம் அம்மா. எல்.இ.டி. வெளிச்சம் தரும், குஞ்சுகளுக்கு வேண்டிய சூடு தராது. பழைய குண்டு பல்பு 60 வாட்டில் ஒன்று வாங்கி, குஞ்சுகளின் தலைக்கு ஒன்றரை அடி மேலே கட்டுங்கள். முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? சரி, குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், விலகி ஓடி வாயைப் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.

அப்புறம், அந்த மூலை. அட்டையை வட்டமாக வளைத்து வேலி கட்டுங்கள். மூலை இருந்தால் நெரிசலில் மூச்சு முட்டும். தரையில் வெறும் செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துவிடும். உமி போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட மறக்காதீர்கள். போன வருஷம் நான் மறந்து, விடியற்காலையில் ஒரு குஞ்சை நனைந்த பஞ்சாக எடுத்தேன்.

ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். முதல் வாரத்துக்குள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமல் இருக்க லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாகப் போட வேண்டும். கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். மருந்தை ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும்.