கடிதத்தில் இருக்கும் 4 லட்சத்தில் எவ்வளவு உதவி, எவ்வளவு கடன்?

கேள்வி: எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுமே நான்கு வருடப் படிப்பு. முதல் கல்லூரியில் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3 லட்சம். உதவி எதுவும் இல்லை. இரண்டாவதில் 5 லட்சம், ஆனால் 'நிதி உதவி 4 லட்சம்' என்று கடிதம் வந்திருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'உதவித்தொகை 1.5 லட்சம், கல்விக் கடன் 2.5 லட்சம், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து 6 மாதம் கழித்துத் தவணை' என்று இருக்கிறது. வீட்டில் வருடத்துக்கு 2 லட்சம் வரை புரட்ட முடியும். "1 லட்சம் கட்டினால் போதுமே, இரண்டாவதுதான் மலிவு" என்கிறார் அப்பா. எனக்கு ஏதோ இடிக்கிறது.

பதில்: இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது. திருப்பித் தர வேண்டாத பணமும் வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணமும் ஒரே 'நிதி உதவி' என்ற பெயரில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். உங்களுக்குக் கிடைத்த உதவி 1.5 லட்சம் மட்டுமே. அதைக் கழித்தால் இரண்டாவது கல்லூரியின் உண்மையான செலவு வருடத்துக்கு 3.5 லட்சம். முதல் கல்லூரியைவிட 50,000 அதிகம்.

அடுத்தது, படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அரசோ வேறு யாரோ அந்த வட்டியை ஏற்றுக்கொள்ளும் கடன்களும் உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால், பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 2.5 லட்சம் வாங்கினால், முதல் வருடப் பணத்துக்கு நாலரை வருட வட்டி, கடைசி வருடப் பணத்துக்கு ஒன்றரை வருட வட்டி. தனிவட்டியாகவே போட்டாலும் எல்லாம் சேர்ந்து 3 லட்சம். வாங்கியது 10 லட்சம்; முதல் தவணை கட்டும் நாளில் நிற்பது 13 லட்சம். வருடாவருடம் வட்டியை அசலில் சேர்த்துக் கூட்டுவட்டி போட்டால் 13.4 லட்சத்தைத் தொடும். அந்த 13 லட்சத்தை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,180 கட்ட வேண்டும். மொத்தம் 20.6 லட்சம். 7 வருடத்தில் முடித்தால் தவணை 21,580 ஆகும், ஆனால் மொத்தம் 18.1 லட்சத்தோடு நின்றுவிடும்.

சரி, வீட்டில் 2 லட்சம் புரட்ட முடியும் என்கிறீர்களே, அப்புறம் ஏன் 2.5 லட்சம் கடன்? கடிதத்தில் போட்டிருக்கும் தொகை உச்சவரம்புதான். குறைத்து வாங்கலாமா என்று கல்லூரியிடமும் வங்கியிடமும் கேளுங்கள்; பெரும்பாலும் முடியும். வீட்டுப் பணத்தை முழுதாகப் போட்டால் இரண்டாவது கல்லூரிக்கு வருடம் 1.5 லட்சம் கடன் போதும், முதல் கல்லூரிக்கு 1 லட்சம். அதே கணக்கில், 10 வருடத் தவணை இரண்டாவதற்கு மாதம் சுமார் 10,300, முதலாவதற்கு 6,870. அப்பாவோடு உட்கார்ந்து பேச வேண்டிய எண்கள் இவைதான். மாதம் 3,400 கூடுதலாக, 10 வருடம் கட்டும் அளவுக்கு அந்தப் படிப்பு உங்களுக்குப் பிடித்ததா, அதை முடித்தவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறதா? ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

எனக்குப் பெரிய கவலை உதவித்தொகையைப் பற்றித்தான். அது நான்கு வருடமும் வருமா, முதல் வருடத்துக்கு மட்டுமா? குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்களா? நின்றுபோனால் அந்த 1.5 லட்சமும் கடனில் ஏறும். கட்டணம் கூடும்போது உதவித்தொகை கூடுமா என்பதையும் கேளுங்கள். வருடம் 5 சதவீதம் ஏறினால் இன்றைய 5 லட்சம் நான்காம் வருடத்தில் 5.79 லட்சம்; உதவி 1.5 லட்சத்திலேயே நின்றால் வித்தியாசம் உங்கள் தலையில்தான். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வருமானம் குறைந்திருந்தால் அதற்கான சான்றோடு உதவித்தொகையைக் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் சேர்க்கை பறிபோய்விடுமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கல்லூரிகளுக்கு இது வழக்கமான விண்ணப்பம்தான்.

கடன் வாங்கிவிட்டால், படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டப் பாருங்கள். 1.5 லட்சத்துக்கு முதல் வருடம் மாதம் 1,250தான். வாங்கிய கடன் 6 லட்சமாகிவிடும் நான்காம் வருடத்தில் 5,000 ஆகும். முடிந்தவரை கட்டினாலும் அந்த அளவுக்கு அசலோடு சேருவது குறையும். வட்டி நிலையானதா மாறக்கூடியதா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார் என்றால், நீங்கள் கட்டத் தவறும் தவணையை வங்கி அவரிடம் கேட்கும். அதை அவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.