கடைவீதியைச் சீரமைக்க தனியாரைக் கூப்பிடலாமா?

கேள்வி: குன்னூர் மவுண்ட் ரோட்டில் எனக்குத் துணிக்கடை. எங்கள் வரிசையில் மொத்தம் 60 கடைகள். வண்டி நிறுத்த இடமில்லை, கழிப்பறை இல்லை, மழை பெய்தால் சாக்கடை ரோட்டில் ஓடுகிறது. சீசனில்கூட ஆட்கள் இறங்காமல் நேராக சிம்ஸ் பூங்காவுக்குப் போய்விடுகிறார்கள். பல மாடி வாகன நிறுத்தம் கட்டித் தருகிறோம், 30 வருஷம் கட்டணத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். நகராட்சி இடம் என்றால் நீங்களும் அந்த நிறுவனமும் பேசி முடிக்கிற விஷயமே கிடையாது, 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி முறையாக டெண்டர் விட்டாக வேண்டும். அப்புறம் நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கும்போது பல மாடி எப்படி வரும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை, ரோட்டோரம் சும்மா நிறுத்த முடிகிற வரைக்கும் யாரும் காசு கொடுத்து உள்ளே வண்டியை விடமாட்டார்கள். வசூல் குறைந்தால் ஒப்பந்தத்தைக் காட்டி, உங்கள் கடை வாசலையும் கட்டணப் பகுதியாக்கச் சொல்லி வருவார்கள், அதுவும் 30 வருஷத்துக்கு.

உங்களுக்கு முதலில் தேவை சாக்கடை, நடைபாதை, கழிப்பறை மூன்றும்தான். இதற்கு நமக்கு நாமே திட்டமே போதும். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். வேலை 15 லட்சம் என்று வையுங்கள், உங்கள் பங்கு 5 லட்சம், கடைக்குச் சுமார் 8,300 ரூபாய். ஆனால் டீக்கடைக்காரரும் இரண்டு ஷட்டர் நகைக்கடைக்காரரும் ஒரே தொகை கொடுக்க வேண்டும் என்றால் முதல் கூட்டத்திலேயே சண்டை வரும். கடை முகப்பு எத்தனை அடியோ அதை வைத்துப் பிரியுங்கள்.

சரி, கட்டியாயிற்று, அப்புறம்? பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான். ஒரு மலையூரில் நன்கொடையில் கட்டிய நல்ல கழிப்பறை ஒன்றைப் பார்த்தேன், டைல்ஸ் பளபளவென்று இருந்தது, திறப்பு விழாக் கல்வெட்டும் இருந்தது, ஆனால் தண்ணீருக்கு யார் காசு, கூட்டுகிறவருக்கு யார் சம்பளம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஒரு வருஷத்துக்குள் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. கோடையில் குன்னூரில் தண்ணீர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அதனால் கடைக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்று பேசுங்கள், 60 கடைக்கு மாதம் 36,000 வரும். சங்கத்தைப் பதிவு செய்து தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கூட்டுவது யார், சாக்கடை அடைப்பெடுப்பது யார், விளக்கு எரியாவிட்டால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் நகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

சிலர் கொடுக்க மாட்டார்கள், பலனை மட்டும் அனுபவிப்பார்கள். கனடாவின் டொரோண்டோவில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைவீதியின் வியாபாரிகளுக்கும் இதே தலைவலி. தெருவுக்கு அடியில் மெட்ரோ ஓடி, மால்களும் வந்து கூட்டம் குறைந்ததும், எல்லாக் கடைகளும் கட்டாயம் கட்டணம் செலுத்த, அதை நகராட்சியே வசூலித்துத் தர வேண்டும் என்று சட்டம் கேட்டு வாங்கி, 1970இல் அப்படியொரு கடைவீதி அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கே அந்த வசூலை உங்கள் சங்கம்தான் செய்ய வேண்டும், ஆகவே மாதக் கணக்கைக் கடை வாசலில் ஒட்டுங்கள், கொடுத்தவர் கொடுக்காதவர் பேரோடு.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டினால்தான் வீதி அழகாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வர்க்கியும் வேர்க்கடலையும் வாங்க வண்டியை நிறுத்துகிறவர்தான் உங்கள் கடைக்குள்ளும் நுழைவார். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்கள் இருக்க வேண்டும், 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அகற்றவும் முடியாது. முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டுவிடுங்கள்.

நடைபாதைக்கு வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம், சரிவிலும் பாசியிலும் வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள், சொரசொரப்பான கல் கேளுங்கள். ஆணையரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நல்ல மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வீதி முழுக்க நடந்து, தண்ணீர் எங்கெங்கே சாக்கடையை விட்டு வெளியே வருகிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீடு போட வரும் பொறியாளருக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.