ரா இருந்தால் மட்டும் போதாது: கையடக்கக் கேமரா வாங்கும் முன்

கேள்வி: இதுவரை மொபைலில்தான் படம் எடுத்து வருகிறேன். இரவில் சாமி புறப்பாடு, மண்டபத் தூண் சிற்பங்கள், கடைத்தெரு – இவைதான் நான் அதிகம் எடுப்பவை. டிஎஸ்எல்ஆரைச் சுமந்து திரிய விருப்பமில்லை. ஜோல்னாப் பையில் அடங்கும் சின்னக் கேமரா வேண்டும். ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப்பதிவு) எடுக்கவும், அபர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஷட்டரை (வெளிச்சம் விழும் நேரம்) நானே வைத்துக்கொள்ளவும் வசதி வேண்டும். 50,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி. எதை வாங்கட்டும்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் வேலை முக்கால்வாசி இருட்டில். அதனால் ரா இருக்கிறதா, எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள். எத்தனை மடங்கு ஜூம் என்பதை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய எஃப் எண் லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் இருக்கும். அது குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். முதல் எண் ஜூம் இல்லாதபோது, இரண்டாவது ஜூமை முழுதாக நீட்டும்போது.

சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலில் (2012) அது 1.8-4.9. அதே வரிசையில் மார்க் 3-ல் (2014) 1.8-2.8. இரண்டும் 1.8-ல் தொடங்குவதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். சாமி முகத்தை நெருக்கமாக எடுக்க ஜூமை முழுதாக நீட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். எஃப்/2.8-ல் உள்ளே வரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எஃப்/4.9-ல் வரும். மார்க் 3-ல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) 1600, 1/60 நொடியில் எடுக்கும் படத்தை முதல் மாடலில் அதே வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓவை 5000 அளவுக்கு ஏற்ற வேண்டும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஐஎஸ்ஓவை ஏற்றாமல் விட்டால் ஷட்டர் 1/20 நொடிக்கு இறங்கும். ஆடி ஆடி வரும் பல்லக்கு அந்த வேகத்தில் கலங்கிப்போகும். லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பல்லக்கின் ஆட்டத்தை அல்ல. முதல் மாடலின் ஜூம் 100 மி.மீ. வரை போகும் (எண் கூடினால் நெருக்கம் கூடும்), மார்க் 3 70-லேயே நின்றுவிடும் என்பது வாஸ்தவம்தான். எனக்கென்னவோ 70 மி.மீ.யும் கூடுதல் வெளிச்சமும்தான் லாபம். படம் 20 மெகாபிக்சல் என்பதால் கொஞ்சம் வெட்டிக்கொள்ளவும் இடமிருக்கிறது.

அடுத்தது சென்சார், அதாவது படம் பதியும் சில்லு. ஆர்எக்ஸ்100 வரிசையில் இருப்பது ஒரு அங்குல சென்சார் என்று சொல்லப்படும் 13.2 × 8.8 மி.மீ. சென்சார். முப்பது, நாற்பது மடங்கு ஜூம் உள்ள சின்னக் கேமராக்களில் இருப்பதன் பரப்பு இதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அவற்றிலும் சிலவற்றில் ரா உண்டு. பானாசோனிக் டிஇசட்99, சோனி எச்எக்ஸ்99 போன்றவை. பகலில் கோபுரக் கலசத்தை எட்டிப் பிடிக்க நல்லவை, இரவுக்கு ஆகாது. கேனான் எஸ்எக்ஸ்740-ல் 40 மடங்கு ஜூம் உண்டு, ரா கிடையாது. கடையில் கேட்டால் எல்லாவற்றிலும் உண்டு என்றுதான் சொல்வார்கள். படத்தரம் என்ற மெனுவைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் விஷயத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. மலிவான சில கேமராக்களின் லென்ஸுக்குள் அபர்ச்சர் இதழ்களே இருக்காது. வெளிச்சம் கூடினால் ஒரு கறுப்புக் கண்ணாடி குறுக்கே வந்து நிற்கும், அவ்வளவுதான். அபர்ச்சரை மாற்றிப் பாருங்கள். இரண்டே இரண்டு எண்கள்தான் வருகின்றன என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உண்மையான அபர்ச்சர் என்றால் 2.8, 3.2, 3.5 என்று படிப்படியாக நகரும்.

கையில் பிடித்து ஓட்டும் சுகத்தில் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016) ஒரு படி மேல். அதே அளவு சென்சார், 24-100 மி.மீ., எஃப்/1.8-2.8, 100 மி.மீ.யிலும் 2.8. லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் டிக் டிக்கென்று திரும்பும், எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கத் தனி டயல் உண்டு, தொடுதிரையும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் உங்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் சமூக வலைத்தளங்களில் இந்த வரிசைக்குத் திடீர் மவுசு வந்து, பழைய கேமராவுக்குக்கூட விலை ஏறிக் கிடக்கிறது. உங்கள் பட்ஜெட்டுக்குள் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சோனி மார்க் 3. அதில் ஒரு சௌகரியம், மேலே எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். உச்சி வெயிலில் பிராகாரத்தில் நின்றால் எந்தத் திரையும் தெரியாது, அப்போது இதன் அருமை புரியும். கேனானில் அது இல்லை.

ரிக்கோ ஜிஆர் 3 (2019) எனக்குப் பிடித்த கேமரா. ஒரு அங்குல சென்சாரைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், வெறும் 257 கிராம், ரா ஃபைல் நேராக டிஎன்ஜி என்ற பொது வடிவில் வரும். ஆனால் 28 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், ஜூம் இல்லை. கடைத்தெருவுக்குப் பிரமாதம், கூட்டத்துக்குப் பின்னால் நின்று சாமியை எடுக்க உதவாது. ஃபுஜி எக்ஸ்100 6 ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, விட்டுவிடலாம்.

இப்போது ராவுக்கு வருவோம். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ரா என்றால் 4,096 படிகள். தாராசுரம் மண்டபத்தில் நின்று, வெளியே வெயில் அடிக்கும் முற்றத்தையும் உள்ளே நிழலிலிருக்கும் தூணையும் ஒரே படத்தில் எடுத்துப் பாருங்கள். ஜேபெக்கில் தூணை வெளிச்சமாக்கினால் சாம்பல் திட்டு திட்டாக உடையும். ராவில் உளி பட்ட தடம்வரை மேலே கொண்டுவரலாம். ஆனால் முற்றம் முழு வெள்ளையாக எரிந்துவிட்டிருந்தால் ராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே வெளிச்சப் பகுதிக்கு அளவு வைத்து எடுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். தொல்லியல் துறை பராமரிக்கும் இத்தகைய கோயில்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். தூணில் சாய்ந்து நின்று, ஐஎஸ்ஓ 200, 1/15 நொடியில் எடுத்துப் பழகுங்கள். சிற்பம் அசையப்போவதில்லை.

புறப்பாட்டின்போது தீவட்டி மஞ்சள் ஒரு பக்கம், சீரியல் செட்டின் ஊதா ஒரு பக்கம் விழும். ராவில் ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயல் சரிக்கட்டலை) வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அங்கே அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்இடி வெளிச்சத்தில்தான் ஜாக்கிரதை. சிவப்பு, ஊதா எல்இடி நேராக விழும் இடத்தில் அந்த ஒரு நிறம் மட்டும் எரிந்துபோய், பட்டுப்புடவையின் மடிப்பே தெரியாமல் ஒரே வண்ணப் பூச்சாகிவிடும். திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) ஜேபெக்கை வைத்துப் போடப்படுவது, அதை அப்படியே நம்ப முடியாது. எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். இன்னொன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/160, 1/250 என்று வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். எஃப்/2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று எம் மோடில் தொடங்கி, இடத்துக்குத் தக்கபடி ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றினால் போதும்.

கம்ப்யூட்டரில் ராவைத் திறந்ததும் தூண்கள் பீப்பாய்போல வளைந்து தெரிந்தால் லென்ஸ் கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள். 24 மி.மீ.யில் இந்தச் சின்ன லென்ஸ்கள் வளைத்துத்தான் எடுக்கும். ஜேபெக்கில் கேமராவே அதை நிமிர்த்திக் கொடுத்துவிடுகிறது. ராவைத் திருத்தும் மென்பொருள்களான டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டிலும் லென்ஸ் கரெக்ஷன் இருக்கிறது. ஒரு ரா ஏறத்தாழ 20 எம்பி என்பதால் கார்டு சின்னதாக வாங்க வேண்டாம். முதல் சில மாதங்கள் ராவும் ஜேபெக்கும் சேர்த்தே எடுங்கள், உடனே வாட்ஸ்ஆப்பில் கேட்பவர்களுக்கு ஜேபெக்கை அனுப்பிவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது உங்கள் சொந்த மெமரி கார்டை எடுத்துப் போங்கள். கேமராவை ஆன், ஆஃப் என்று பலமுறை செய்து, லென்ஸ் திக்காமல் வெளியே வந்து போகிறதா என்று கவனியுங்கள். எஃப்/11 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் அதை நீங்களாகத் துடைக்க முடியாது, சர்வீஸ் செலவு தனி. பிறகு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, எஃப்/2.8-ல் நேராக எடுங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் எழுத்தே படிக்க முடியாமல் போனால் எப்போதோ கீழே விழுந்த கேமரா. மொபைல் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. மார்க் 3 என்றால் வியூஃபைண்டரையும் எழுப்பிப் பாருங்கள்.

கடைசியாக மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், மாற்ற வழி தரப்படவில்லை. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.